கியர்பாக்ஸ் வேலை பார்த்தாச்சு, இனி எவ்வளவு பவர் தாங்கும்?

பழைய ஜீப்போ ஜிப்சியோ வாங்கி, கியர்பாக்ஸை இறக்கி, உள்ளே பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் சீல் எல்லாம் புதுசு போட்டு மறுபடி ஏற்றியதும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "இப்ப இது எத்தனை ஹெச்.பி. தாங்கும்?" என்பதுதான். மதுரைப் பக்கம் இப்படிக் கேட்கிறவர்கள் இரண்டு வகை. சிறுமலைக்கும் மேகமலைக்கும் ஏறுவதற்காக ஜீப்பில் பெரிய டீசல் இன்ஜின் ஏற்ற நினைப்பவர்கள் ஒரு வகை, ஓடிக்கொண்டிருக்கிற டர்போ டீசல் காருக்கு ரீமேப் (இன்ஜினின் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை மாற்றுகிற வேலை) போட்டு இழுவையைக் கூட்ட நினைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கியர்பாக்ஸ் ஹெச்.பி.யைக் கண்டு பயப்படுவதில்லை, டார்க்கைக் கண்டுதான் பயப்படும். ரீபில்ட் என்பது அந்தப் பெட்டிக்கு முதலில் இருந்த பலத்தைத் திருப்பித் தருகிற வேலை, அதற்கு மேல் அது எதையும் தராது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் டார்க். சக்கர நட்டை இறுக்குகிறீர்கள். அரை மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் நட்டின் மேல் விழுகிற முறுக்கு சுமார் 98 நியூட்டன் மீட்டர். மாருதி ஜிப்சியின் 1300 சிசி எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினின் உச்ச டார்க் 103 நியூட்டன் மீட்டர், அதாவது உங்கள் கை கொடுத்ததை விட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அந்த நட்டை ஒரு கால் சுற்று திருகிவிட்டு மூச்சு வாங்குவீர்கள், இன்ஜின் அதையே நிமிடத்துக்கு 4500 சுற்று வேகத்தில் விடாமல் செய்யும். டார்க்கையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் பவர். கணக்கு எளிது: நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஹெச்.பி. கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கை வைத்து நம் தெருவிலேயே நிற்கிற ஒரு காரைப் பார்ப்போம். 2018-ல் வந்த ஸ்விஃப்டில் பெட்ரோல் 83 ஹெச்.பி., டீசல் 75 ஹெச்.பி. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பெட்ரோல் வண்டிக்குத்தான் கெட்டியான கியர்பாக்ஸ் வேண்டும் என்று தோன்றும். டார்க்கைப் பாருங்கள்: பெட்ரோல் 113 நியூட்டன் மீட்டர், டீசல் 190. கியர் பல்லில் விழுகிற சுமை டீசலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. இன்னும் ஒரு விஷயம் இதில் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த டீசலின் 190 நியூட்டன் மீட்டர் வருவது 2000 ஆர்.பி.எம்.மில், அந்த இடத்தில் பவர் வெறும் 54 ஹெச்.பி. தான். முழு 75 ஹெச்.பி. வருவது 4000-த்தில், அங்கே டார்க் சுமார் 131-க்கு இறங்கிவிடுகிறது. ஆக இன்ஜின் அதிக பவர் கொடுக்கும் நேரத்தை விட, குறைந்த சுற்றில் அமைதியாக இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கியர்பாக்ஸ் அதிகச் சுமையைத் தாங்குகிறது.

தயாரிப்பாளர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஃபோக்ஸ்வேகனின் கியர்பாக்ஸ்களுக்கு எம்.க்யூ.200, எம்.க்யூ.250, எம்.க்யூ.350 என்று பெயர், அந்த எண் நியூட்டன் மீட்டரில் அது எந்த டார்க் வகுப்பைச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறது. அமெரிக்காவில் பழைய வி8 கார்களுக்கு வாங்கிப் போடும் ட்ரெமெக் டி.கே.ஓ.600-ல் வரும் 600-ம் அவர்களுடைய பவுண்ட்-அடி கணக்கில் டார்க் தான், நம் கணக்கில் சுமார் 813 நியூட்டன் மீட்டர். எனவே யாராவது "இந்தக் கியர்பாக்ஸ் 150 ஹெச்.பி. தாங்கும்" என்று சொன்னால், எந்த ஆர்.பி.எம்.மில் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஜீப் போன்ற பின்சக்கர இழுவை வண்டியில் கிளட்சிலிருந்து வருவது இன்புட் ஷாஃப்ட் (ஷாஃப்ட் என்றால் சுழலும் தண்டு), கீழே ஒரு கவுண்டர் ஷாஃப்ட், வெளியே போவது மெயின் ஷாஃப்ட். இன்புட்டில் இருக்கும் கியரின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 190 நியூட்டன் மீட்டரை அந்த ஆரத்தால் வகுத்தால் பல் மேல் விழுகிற தள்ளு கிட்டத்தட்ட 640 கிலோ எடைக்குச் சமம். அது கவுண்டர் ஷாஃப்டுக்கு இறங்கும்போது வேகம் குறைந்து முறுக்கு கூடும், ஒன்றரை மடங்கு என்று வையுங்கள், 285 ஆகிவிட்டது. முதல் கியருக்கான பல் அந்த ஷாஃப்டில் எல்லாவற்றிலும் சின்னது, ஆரம் 2 சென்டிமீட்டர் என்றால் அங்கே விழுவது 1450 கிலோவைத் தாண்டும். கட்டை விரல் அகலமுள்ள பற்கள், ஒரே நேரத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்போது, இவ்வளவையும் வாங்குகின்றன. பல் உடைந்தால் அடியில்தான் உடையும், ஏனென்றால் வளைகிற இடம் அது.

அந்தத் தள்ளு பல்லோடு முடிவதில்லை. இரண்டு கியர்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் (சத்தம் குறைவதற்காக அப்படி வெட்டுகிறார்கள்) ஷாஃப்டை நீளவாக்கிலும் ஒரு பக்கமாகத் தள்ளும். இதையெல்லாம் பிடித்துக்கொண்டிருப்பது பேரிங்குகளும், ஹவுசிங் எனப்படும் அலுமினிய வெளிக்கூடும். சுமை அதிகமானால் ஷாஃப்ட் மயிரிழை வளையும், ஹவுசிங்கும் கொஞ்சம் விரியும், பற்கள் முழு அகலத்துக்குத் தொடாமல் ஓரத்தில் மட்டும் தொடும், முழுப் பல்லும் பகிர்ந்துகொள்ள வேண்டிய சுமையை ஓரம் மட்டும் தாங்கும். எவ்வளவு நல்ல இரும்பில் கியர் செய்திருந்தாலும் ஹவுசிங் விரிந்தால் அது காப்பாற்றாது. ஷாஃப்ட்களுக்கு இடையே தூரம் அதிகமுள்ள பெரிய கியர்பாக்ஸ்கள் ஏன் கெட்டியாக இருக்கின்றன என்பதற்கும் இதுதான் காரணம்: கியரின் ஆரம் பெரிதானால் அதே டார்க்குக்குப் பல்லின் மேல் தள்ளு குறையும்.

ஒரே பெட்டிக்குள் எல்லாக் கியரும் ஒரே அளவு பலம் கொண்டவை கிடையாது. ஜீப் மாதிரி வண்டிகளின் நாலாவது கியர் பெரும்பாலும் நேரடி, இன்புட்டும் மெயினும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், கவுண்டர் ஷாஃப்ட் சும்மா கூடச் சுற்றும், பல் வழியாகச் சுமை போகவே போகாது. எனவே நாலாவதில் அந்தப் பெட்டி நிறையத் தாங்கும், உடைவதெல்லாம் முதல் மூன்றில்தான். முன்சக்கர இழுவைக் கார்களில் இந்த நேரடி வசதி கிடையாது, எந்தக் கியரிலும் பல் வழியாகத்தான் போக வேண்டும். அவற்றில் பலவற்றில் ஐந்தாவது கியர் பேரிங்குக்கு வெளியே, பெட்டியின் கடைசி மூடிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது ஐந்தாவதிலேயே 1500 ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து இழுக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டர்போ டீசலுக்கு அது பிடிக்கும், அந்த ஐந்தாவது கியருக்குப் பிடிக்காது. மூன்றாவதுக்கோ நாலாவதுக்கோ இறக்கினால் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைந்த டார்க்கிலேயே வேலையை முடித்துவிடும்.

இதுவரை சொன்னது சீராக இழுக்கும்போது. உண்மையில் உடைப்பது அதிர்ச்சிச் சுமை. இன்ஜினை 4000-க்கு ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்சை ஒரே அடியாக விட்டால், சுற்றிக்கொண்டிருந்த ஃப்ளைவீலின் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) வேகம் முழுவதும் ஒரு நொடிக்குள் கியர்பாக்ஸில் இறங்குகிறது, அந்தக் கணத்தில் வருகிற முறுக்குக்கும் இன்ஜினின் உச்ச டார்க்குக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த நேரத்தில் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது கிளட்ச். தன் பிடிமானத்துக்கு மேல் முறுக்கு வந்தால் அது வழுக்கிவிடும். 190 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்கு 250 வரை பிடிக்கிற கிளட்ச் இருந்தால் இன்புட் ஷாஃப்ட் பார்க்கப்போகும் அதிகபட்சமும் அந்த 250-தான். "கிளட்ச் அடிக்கடி தேயுது, பெருசா போட்டுடலாம்" என்று 450 பிடிக்கிற செட்டைப் போட்டால், அந்த வழுக்கல் போய்விடும், அடுத்த பலவீனமான இடம் கியர்பாக்ஸ், அது போகும். பெரிய கிளட்ச் போட்ட பிறகு கியர்பாக்ஸ் உடைந்தது என்று கேள்விப்பட்டால் நான் இன்ஜினைச் சந்தேகிக்க மாட்டேன்.

வண்டியின் எடையும் டயரும் இதே கணக்கில்தான் சேரும். காலி வண்டி ஈர மண்ணில் சக்கரத்தைச் சுழற்றிவிடும், சுமை வெளியேறிவிடும். அதே வண்டியில் சிறுமலையிலிருந்து வாழைத்தார் நிறைய ஏற்றினால் டயர் தரையைக் கவ்விக்கொள்ளும், சுழலாது, முறுக்கு முழுவதும் பற்களில் நிற்கும். மலையில் ஒரு சக்கரம் காற்றில் சுற்றிவிட்டுத் திடீரென்று பாறையில் பிடிமானம் கிடைக்கும்போது விழுகிற அடி கிளட்ச் விடுகிற அடிக்குக் குறைந்தது இல்லை. நாலு சக்கர ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: செங்குத்தான ஏற்றத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸில் (நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கிற பெட்டி) லோ கியர் போட்டுக்கொள்ளுங்கள். அது கியர்பாக்ஸுக்கு அப்புறம் இருக்கிறது, அங்கே முறுக்கைப் பெருக்கிக்கொண்டால் கியர்பாக்ஸ் அந்த அளவுக்குக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

இப்போது காலத்தைப் பற்றி. "போட்டேன், ஓட்டினேன், ஒண்ணும் ஆகலையே" என்பது பதிலாகாது. இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது, அந்த வளைவுகள் கூடிக்கூடித்தான் விரிசல் விழும். பேரிங்குக்கு இதற்கு ஒரு தெளிவான விதியே உண்டு: பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்மாறாகக் குறையும். சுமையைக் கால் பங்கு கூட்டினால் ஆயுள் பாதியாகிவிடும், இரண்டு மடங்காக்கினால் எட்டில் ஒரு பங்கு. ரோலர் பேரிங்குக்கு இன்னும் கொஞ்சம் மோசம். ரீமேப் போட்டு 190-ஐ 240 ஆக்கினால் கூட்டியது கால் பங்குதான். கியர்பாக்ஸ் அன்றைக்கே உடையாது, ஆனால் முழு மிதியில் போகிற நேரத்தில் பேரிங்கின் ஆயுள் இரட்டை வேகத்தில் கரைகிறது. நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் சீராக 80-ல் போகும்போது இந்தக் கூடுதல் டார்க் பயன்படுவதே இல்லை, அப்போது நஷ்டமும் இல்லை. எத்தனை நேரம் முழு மிதியில் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

ரீபில்டுக்கு வருவோம். பொதுவாக மாற்றுவது பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் சீல், பேக்கிங், லாக் ரிங், தேவைப்பட்டால் கியரைப் பூட்டுகிற ஸ்லீவும் அதை நகர்த்துகிற ஃபோர்க்கும். கியர், ஷாஃப்ட், ஹவுசிங் மூன்றும் பெரும்பாலும் பழையவையே. பலத்தைத் தீர்மானிப்பது அந்த மூன்றுதான், அவை ஏற்கெனவே எத்தனையோ லட்சம் முறை வளைந்தவை. சிங்க்ரோ ரிங்கைப் பற்றிப் பலருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. அது கியர் மாற்றும்போது இரண்டு பாகங்களின் வேகத்தைச் சமமாக்குகிற பித்தளை வளையம், கியர் விழுந்த பிறகு அதற்கு வேலை இல்லை. புது ரிங் போட்டால் கியர் வெண்ணெயாக விழும், ஆனால் பெட்டி ஒரு நியூட்டன் மீட்டர் கூட அதிகம் தாங்காது.

அதனால் கியர்பாக்ஸைப் பிரித்திருக்கும்போது நீங்கள் பட்டறையில் இருக்க வேண்டும். பற்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெயிலுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பல்லாகத் திருப்பிப் பாருங்கள். பளபளப்பான தேய்மானம் பரவாயில்லை. ஊசி குத்தியது போன்ற சின்னச் சின்னக் குழிகள் பல்லின் நடுவில் வரிசையாக இருந்தால் மேல் தோல் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். கியரின் மேற்பரப்பை மட்டும் கார்பன் ஏற்றிக் கடினமாக்கியிருப்பார்கள், அந்தக் கடினத் தோலின் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது, உள்ளே இரும்பு மென்மையாக இருக்கும், அது வேண்டுமென்றே செய்தது, முழுவதும் கடினமாக இருந்தால் கண்ணாடியாக உடையும். தோல் போய்விட்ட கியரை உரசி மெருகேற்றிப் பயனில்லை. பல்லின் அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டினால் விரிசல் சந்தேகம் உண்டு. கியரை மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்ற வேண்டும், தேய்ந்த கியரோடு புதுசைக் கோர்த்தால் தொடுகிற இடம் மாறி, சத்தமும் வரும், புதுசும் சீக்கிரம் போகும்.

இன்னொரு இடம் ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் துளை. பேரிங்கின் வெளி வளையம் அங்கே இறுகி உட்கார வேண்டும். நாளாக ஆக அலுமினியம் தேய்ந்து அது தளர்ந்திருக்கும். அப்போது சில பட்டறைகளில் துளையின் உட்சுவரில் சுற்றிலும் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து, அந்த மேடுகளில் பேரிங்கைப் பிடிக்கவைப்பார்கள். அப்போதைக்கு இறுகும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோ சுமையை அந்தச் சில மேடுகள் மட்டும் தாங்கும், அவை நசுங்கியதும் ஷாஃப்ட் மறுபடி ஆடும், பற்கள் ஓரத்தில் தொடும். சரியான வழி லேத்தில் துளையைப் பெரிதாக்கிப் புது வளையம் இறக்குவது, அல்லது நல்ல ஹவுசிங் தேடுவது. அதேபோல ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்து, சரியான தடிமனில் ஷிம் (இடைவெளியை நிரப்புகிற மெல்லிய தகடு) போட வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்குண்ணே" என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஆட்டம் அதிகமானால் கியர் தானாக நழுவும், ரொம்ப இறுக்கினால் பேரிங் சூடாகிக் கருகும். நல்ல பாகங்கள் போட்டும் ஒரு ரீபில்ட் கம்பெனிப் பலத்துக்குக் கீழே போவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

பலத்தை உண்மையிலேயே கூட்ட வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? உயர்ந்த எஃகில் அகலமான பல்லோடு புது கியர் செட் வெட்டுவது, பல்லின் மேல் சின்ன உருண்டைகளை வேகமாக அடித்து மேற்பரப்பை அமுக்கி விரிசல் விழாமல் தடுப்பது, ஷாஃப்டைத் தடிமனாக்குவது. கோயம்புத்தூர்ப் பக்கம் கியர் வெட்டுகிற தொழிற்கூடங்கள் இருக்கின்றன, ஆனால் வடிவத்தை மட்டும் அப்படியே வெட்டிக்கொடுத்து வெப்பப் பதம் சரியாகச் செய்யாத கியர் பழைய கம்பெனிக் கியரை விடச் சீக்கிரம் போகும். என் அபிப்பிராயம்: ஒரு பழைய பெட்டியை இத்தனை செலவழித்து வலுவாக்குவதை விட, அந்த இன்ஜினோடு கம்பெனியிலிருந்தே வந்த கியர்பாக்ஸைத் தேடிப் போடுவதுதான் மலிவு, நம்பிக்கையும் கூட. இன்ஜின் மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. அனுமதியில்லாமல் மாற்றினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

ஆயிலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல் வழியாகப் போகிற பவரில் சில சதவீதம் சூடாக மாறும். 75 ஹெச்.பி.யில் மூன்று சதவீதம் என்றாலே சுமார் 1650 வாட், கிட்டத்தட்ட ஒரு வாட்டர் ஹீட்டரை இரண்டு லிட்டர் ஆயிலுக்குள் போட்டு வைத்தது மாதிரி. அக்னி நட்சத்திர வெயிலில், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமையோடு இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது காற்றும் படாது, ஆயில் இளகிப் பல்லுக்கு நடுவே இருக்கும் படலம் மெல்லிசாகிவிடும். கம்பெனி சொன்ன தடிமனிலேயே போடுங்கள். கடையில் "90 ஆயில்" என்று கேட்டு வாங்கினால் ஜி.எல்-4, ஜி.எல்-5 (கியர் ஆயிலின் தர வகைகள்) எது என்று டின்னில் பார்த்து வாங்குங்கள். பின் ஆக்ஸிலுக்கான ஜி.எல்-5-ல் சேர்க்கும் கந்தகப் பொருட்கள் சில வகைகளில் பித்தளை சிங்க்ரோவை அரிக்கும், வழுக்கலும் அதிகம் என்பதால் ரிங் சரியாகப் பிடிக்காது. கையேட்டில் ஜி.எல்-4 என்று இருந்தால் ஜி.எல்-4 தான்.

அப்படியென்றால் உங்கள் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று எப்படி முடிவு செய்வது? அந்தக் கியர்பாக்ஸ் கம்பெனியில் எந்த எந்த இன்ஜினோடு வந்தது, அவற்றில் அதிக டார்க் உள்ளது எது என்று பாருங்கள். அதுதான் நம்பத்தக்க எண். அதே கியர்பாக்ஸ் ஒரு கனமான வண்டியிலும் வந்திருந்தால் இன்னும் நல்லது. பழைய கியர், பழைய ஷாஃப்ட் வைத்துக் கட்டியிருந்தால் நான் அந்த எண்ணுக்கு மேல் போக மாட்டேன், மலையிலும் பாரத்திலும் ஓடுகிற வண்டியென்றால் அதற்குக் கீழேயே நிற்பேன். டவுனுக்குள் கோரிப்பாளையம், சிம்மக்கல் என்று காலி வண்டியாக ஓடுவதென்றால், கிளட்சை நிதானமாக விடுகிற கால் இருந்தால், பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதல் டார்க்கை அது பல வருடம் தாங்கும். ரீமேப் போடுகிறவரிடம் முதல் இரண்டு கியரிலும், 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழேயும் டார்க்கைக் கூட்டாமல் விடச் சொல்லுங்கள். பல கார்களின் கம்பெனி ப்ரோக்ராமிலேயே கீழ் கியர்களில் டார்க்கை அடக்கித்தான் வைத்திருப்பார்கள், காரணம் இந்தப் பற்கள்தான்.

வேலை முடிந்து வண்டி வந்ததும் முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல், முழு மிதி கொடுக்காமல் ஓட்டிவிட்டு ஆயிலை இறக்குங்கள். கீழே இருக்கும் டிரெயின் நட்டில் காந்தம் இருக்கும், இல்லாவிட்டால் ஆயிலுக்குள் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் அது புதுப் பாகங்கள் பழகுகிற தூள், துடைத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றலாம். மஞ்சளாக மினுமினுத்தால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது, காந்தத்தில் ஒட்டாது, ஆயிலை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும், கொஞ்சமாக இருந்தால் அடுத்த ஆயில் வரை பொறுக்கலாம். விரலில் நெருடுகிற செதில்களாக இரும்பு வந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் டோ பண்ணிக்கொண்டு பட்டறைக்கே போங்கள், அந்த நிலையில் பேரிங் செலவோடு முடிந்துவிடும், இன்னும் ஒரு மலை ஏறினால் ஷாஃப்டும் கியரும் சேர்ந்து போகும்.